குடும்பப்பெயர் கேட்கும் கட்டம்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போதெல்லாம் மேற்கோள் பட்டியலில்தான் மல்லுக்கட்டு. ஏபிஏ நடை குடும்பப்பெயரை முன்னே வைத்து, சொந்தப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கச் சொல்கிறது. சர்மா, ஐயங்கார் என்று சாதியைப் பின்னால் சுமப்பவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நமக்கு? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. விட்டவர்களின் பிள்ளைகள், அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்புகிறோம். பட்டியலில் அப்பா ஆய்வாளராகிவிடுகிறார். ஆய்வு செய்த மகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்குகிறாள். ஸோட்டீரோ மென்பொருளிலேயே பெயரை ஒரே கட்டமாக இடும் வசதி இருக்கிறது. இதழ் ஆசிரியர்களோ "குடும்பப்பெயர் விடுபட்டுள்ளது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். விடுபடவில்லை, விட்டோம், முழுப்பெயரையும் அப்படியே அச்சிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் பதில் எழுதுகிறேன். சில இதழ்கள் ஏற்கின்றன. நீங்களும் எழுதுங்கள்.