கார் ரேடியோ கரகரக்குதா? தப்பு ரேடியோ மேல் இல்லை!

பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த பழைய அம்பாசடர். டாஷ்போர்டில் அந்தக் காலத்து மீடியம் வேவ் ரேடியோ. வண்டி நிற்கும்போது பாட்டு தெளிவாகக் கேட்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக் டிக்' என்று ஒரே இரைச்சல்! பலர் ரேடியோவைக் கழற்றிப் போட்டு, டாஷ்போர்டை அறுத்துப் புது ஸ்டீரியோ மாட்டிவிடுகிறார்கள். அதே மாடல் ரேடியோ மறுபடி கிடைப்பது சுலபமில்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

12 வோல்ட் பேட்டரி கரன்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அது ஸ்பார்க் பிளக்கில் பொறியாகத் தாவும் ஒவ்வொரு முறையும் ரேடியோ அலை கிளம்புகிறது. 1880-களில் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியதே இப்படியொரு மின்பொறியால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'டிக் டிக்' வேகமெடுக்கிறதா? இக்னிஷன்தான் காரணம். 'உய்ங்' என்று சுருதி ஏறினால் டைனமோவைச் சந்தேகிக்கலாம். அடுத்து, ரேடியோவிலிருந்து ஏரியல் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது. நிற்காவிட்டால், கரன்ட் ஒயர் வழியாக.

சரிசெய்வது எப்படி?

எர்த்: செலவில்லாத வைத்தியம் இது. ஏரியலின் அடிப்பாகம், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை இரண்டிலும் துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிளக் ஒயர்: செம்புக் கம்பி ஒயருக்குப் பதில் கார்பன் ஒயர் போடலாம். அல்லது 5,000 ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் மாட்டலாம். ஏதாவது ஒன்று போதும். எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் பொறி பலவீனமாகும். ஒயரில் கை வைக்கும் முன் இன்ஜினை நிறுத்துவது முக்கியம்.

கண்டென்சர்: கரன்ட் ஒயர் வழியாக வரும் இரைச்சலுக்கு இது. காயிலில் சாவி பக்கமிருந்து கரன்ட் வரும் முனைக்கும் பாடிக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை இணைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் மாட்டவே கூடாது. மாட்டினால் பொறி கெடும், பாயின்ட் கருகும், வண்டி நடுரோட்டில் நின்றாலும் ஆச்சரியமில்லை. டைனமோ இரைச்சலுக்கும் இதே கண்டென்சர்தான். அதை 'டி' முனையில் மாட்டலாம். 'எஃப்' முனையில் கூடாது.

ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ரேடியோவைப் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் எந்த இடத்தில் அடங்குகிறதோ, அதற்கு மேல் செலவு தேவையில்லை.