மன்றத்தைக் கேட்டு வந்த இளைஞர்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி இத்திங்களில் நம் ஊர்களில் பாட்டொலி பெருகும். பாடற்குழுவினர் இரவுதோறும் வீடு வீடாகச் சென்று பாலன் இயேசுவின் வருகையை அறிவிப்பர். சென்னைச் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் தொடங்கிவிடும். பெங்களூரிலோ மார்கழி என்ற கணக்கே இல்லை. ஆண்டு முழுவதும் சனி ஞாயிறுகளில் ஏதேனும் ஓர் அரங்கில் இளைஞர் குழுவொன்று தானே எழுதி மெட்டமைத்த பாடல்களை மேடையேற்றிக்கொண்டிருக்கும். திரைப்படத்தைச் சாராத இவ்விசையைச் சுயாதீன இசை என்று இன்று அழைக்கின்றனர். வரவிருக்கும் நிகழ்ச்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, எதற்குப் போகலாம், போனால் எப்படித் திரும்பலாம் என்று ஓசூர் இளைஞர்கள் கணக்கிடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

அது கடினமான கணக்கு. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். ஆயினும் அத்திப்பள்ளியைக் கடந்து, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் ஊர்ந்து, அரங்கை அடைவதற்குள் மாலை கழிந்துவிடும். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் பேருந்து அரிது. மறுநாள் விடியற்காலையில் முதல் ஷிப்டு காத்திருக்கிறது. பெண்பிள்ளைகள் கேட்பதே இல்லை. கேட்டால் வீட்டில் என்ன விடை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓசூரிலேயே ஒரு மேடை இருந்தால் என்ன? 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்து நாட்டுக்கு அனுப்பிய ஊர் இது. 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து குடியேறியோரால், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒருங்கே காதில் விழும். இத்தனை மக்கள் வாழும் ஊரில் திருமண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. சொந்தப் பாட்டைப் பாட வருபவனுக்கு இடம் கிடைப்பதுதான் அரிதாயிருக்கிறது. கிடைக்கும் மேடையிலும், ‘சினிமாப் பாட்டுப் பாடு தம்பி’ என்றே கேட்கிறார்கள். நம் பங்குத் திருவிழாக்களின் இன்னிசைக் கச்சேரிகளும் இதற்கு விலக்கல்ல. (ஓசூர் மண்ணுக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு என்பாருக்கு ஒன்று கூறுவோம். ‘குறை ஒன்றும் இல்லை’ என்னும் பாடலை எழுதிய இராஜாஜி 1878இல் பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில்தான். அது திரைப்படத்துக்கென எழுதிய பாட்டன்று.)

தொழில் மட்டுமே இருக்கும் ஊருக்கு நாளை என்ன நேரும் என்பதை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டியதும் கோலார் மாவட்டம். அங்கே தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்க வேலைக்கு வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தனர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. 2001 பெப்ருவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பல்லாயிரவர் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்புவோர் ஆயினர். உறங்குவதற்கு மட்டும் உரிய ஊராயிற்று தங்கவயல்.

அத்தகைய ஊருக்கு 2022 டிசம்பரில் ஒரு நல்ல மாலை வாய்த்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவை நடத்தி வருகிறது. பறை, ஒப்பாரி, கானா, கிராமியப் பாடல், ராப் ஆகியவற்றை, சபாக்களின் மார்கழியில் தனி மேடையேற்றுவது அதன் நோக்கம். மதுரைக்கும் கோவைக்கும் சென்ற அவ்விழா, 2022இல் தங்கவயலுக்கும் சென்றது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் தம் ஊரிலேயே அமர்ந்து கேட்டனர்.

அதே மையத்தின் துணையுடன் உருவான ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் மேடையும் இங்கு நினைக்கத் தக்கது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து பெயர் கொண்ட அக்குழு, இசையமைப்பாளர் டென்மாவின் பொறுப்பில், 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பாடியது. இடம், தென்னிந்தியத் திருச்சபையினரின் பள்ளி மைதானம். பிரிந்துள்ள சகோதரர்கள் மைதானத்தைத் திறந்துவிட்டனர். நம் கதவுகள் எப்படி?

இக்கேள்வி நம்மிடமே வந்தது. பங்கு இளைஞர் சிலர், ஆலையில் பயிற்சித் தொழிலாளராயிருக்கும் தம் நண்பர் இருவரோடு வந்து, “ஃபாதர், பங்கு மன்றத்தை ஒரு ஞாயிறு மாலை தருவீர்களா? எங்கள் பாட்டுகளைப் பாடப்போகிறோம்” என்றனர். நண்பர் இருவரும் கத்தோலிக்கர் அல்லர். கித்தாரும், பெட்டி மேளமும், இரண்டு பறையும் உண்டு. பாட்டுகளில் ஒன்று ஒப்பந்தத் தொழிலாளியின் இரவு ஷிப்டைப் பற்றியது. இன்னொன்று, தாயின் மொழி தெலுங்காயும் தந்தையின் மொழி தமிழாயும் உள்ள பிள்ளையின் குழப்பத்தைப் பாடுகிறது. ‘ஆண்டவரே’ என்ற சொல் எதிலுமில்லை.

பங்குப் பேரவையில் எதிர்ப்பு எழுந்தது. கோவிலைக் கூத்துமேடை ஆக்கலாகாது என்றனர். இவ்வச்சத்தில் நியாயம் இருக்கிறது. 1987 நவம்பர் 5ஆம் நாள் உரோமை வழிபாட்டுப் பேராயம், கோவில்களில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு மடல் விடுத்தது. கோவில் ஒரு பொது மண்டபம் அன்று, அங்குத் திருவிசையே தகும், அதற்கும் ஆயரின் இசைவு வேண்டும், அனுமதிக்குக் கட்டணம் கூடாது, பாடுவோர் பலிபீடப் பகுதியில் நிற்கலாகாது என்பன அதன் கருத்துகள். அதை நாம் முழு மனத்துடன் ஏற்கிறோம். ஆனால் இளைஞர்கள் கேட்டது கோவிலையன்று, மன்றத்தை. மன்றத்தில் பூப்புனித நீராட்டும் நடக்கிறது, நகைச் சீட்டும் நடக்கிறது. அங்கெல்லாம் எழாத ஐயம் பாட்டு வந்ததும் எழுவானேன்?

இறைப்பற்றுள்ள கத்தோலிக்கர் உலகத்தைப் பாடலாகாது என்ற சட்டமும் இல்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) நாம் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தால் மட்டுமே அறிவோம். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைச் செய்தவரும் அவரே. கடவுளைப் பாடிய அதே கையால் பஞ்சத்தைப் பாடினார்; கைக்கூலியைக் கடிந்தார். கணவருக்கும் மனைவியருக்கும் அலுவலருக்கும் பாட்டாலேயே புத்தி சொன்னார். அவர் கீர்த்தனைகளைப் பிற சமயத்து வித்துவான்களும் கச்சேரிகளில் பாடினர்.

மற்றோர் எதிர்ப்பு தணிந்த குரலில் வந்தது. பெரியவர் ஒருவர் கூட்டம் முடிந்தபின் நம் அறைக்கு வந்து, “சாமி, பாட்டு ஆகட்டும். அந்தப் பறை வேண்டாமே. அது சாவு வீட்டுக்கு உரியதல்லவா?” என்றார். சாவுக்கு உரியது என்பது மேற்போர்வை. உள்ளே இருப்பது சாதி என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதி இட்ட கோடுகள் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில், மக்களினங்கள் தமக்கென வைத்திருக்கும் இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கச் சொல்லிற்று. பறைக்கும் பம்பைக்கும் அதில் பங்கில்லை என்று யார் கூறமுடியும்? திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்னும் கத்தோலிக்கத் துறவி, சக்தி கலைக்குழு வாயிலாகத் தலித் பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். ஆண்கள் மட்டுமே, அதுவும் சாவுக்கு மட்டுமே அடிக்க வேண்டுமென்றிருந்த கருவியை, அப்பெண்கள் தலைநிமிர்ந்து மேடைகளில் அடித்தனர். பெரியவரிடம் இதையெல்லாம் கூறினோம். அவர் விடையளிக்காமல் வணக்கம் கூறிச் சென்றார்.

மன்றத்தைத் தருவதென்று முடிவு செய்தோம். கோவில் வளாகத்தில் மது அருந்திவிட்டு வருவோருக்கு இடமில்லை. எந்தச் சாதியையும் சமயத்தையும் பெண்ணையும் இழித்துப் பாடுதல் கூடாது. வெளியே ஒலிபெருக்கி வைப்பதில்லை. இது மன்றமாதலால் கட்டணம் வாங்கலாம் என்றோம், வாங்கவும் வேண்டும். ஒலி அமைப்புக்கு வாடகை கொடுத்து, விடுப்பெடுத்து ஒத்திகை பார்த்து வருபவர்களிடம் ‘நம்ம பிள்ளைகள்தானே’ என்று இலவசமாய்க் கேட்டு மகிழ்வது நம் குடும்பங்களுக்கு அழகன்று. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் கச்சேரிக்காரருக்கு முன்பணம் கொடுத்தல்லவா அழைக்கிறோம்?

அந்நாளில் இரண்டாம் ஷிப்டில் இருப்போருக்குத்தான் வர இயலாது. மற்றோர் பிள்ளைகளையும் மகள்களையும் அழைத்து வரலாம். மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடித்துவிடுவோம். மன்றத்துச் சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. முன்வரிசை நாற்காலிகளைப் பெரியவர்களுக்கென ஒதுக்கும்படி இளைஞர்களே கேட்டுள்ளனர். பறையை வேண்டாமென்றவருக்கும் அவற்றில் ஒன்றை ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.