"ஓரமாத்தானே நிறுத்தியிருக்கேன்?" ஏற்காடு மலைச் சாலைகளில் ஓரம் ஏன் ஓரம் இல்லை? பார்க்கிங் சட்டம் என்ன சொல்கிறது?

"ரெண்டு நிமிஷம்தான், இதோ எடுத்துடுறேன்."

பார்க்கிங் தகராறு எங்கே நடந்தாலும் முதலில் வரும் வசனம் இதுதான். சென்னையில் ஒரு தெருவில் இதைச் சொன்னால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், முணுமுணுப்பார், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் வாழவந்தி போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் அந்த 'அடுத்த தெரு' என்பதே கிடையாது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம். நடுவில் இருக்கும் ஒற்றைச் சாலையை ஒரு கார் மறித்துவிட்டால் பேருந்து நிற்கும், காபி மூட்டை ஏற்றிய வண்டி நிற்கும், 108 ஆம்புலன்ஸும் நிற்கும்.

சமவெளியில் தொல்லையாக இருக்கும் ஒரு பழக்கம், மலையில் ஏன் ஆபத்தாக மாறுகிறது? சட்டம் என்ன சொல்கிறது? யார் என்ன செய்ய முடியும்? பார்க்கலாம்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

சேலம் மாவட்டத்தில் உள்ள ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சிகளில் ஒன்று வாழவந்தி. காபித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளுமாக இருக்கும் மலைப் பகுதி இது.

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வரும் பிரதான மலைப்பாதை எல்லோருக்கும் தெரியும். மே மாதக் கோடை விழா நேரத்தில் அந்தப் பாதையில் வாகனங்களை மேலே ஏறவிட்டு, குப்பனூர் சாலை வழியாகக் கீழே இறக்குவதும் வழக்கம். அந்த நாட்களில் போலீஸ் நிற்கும், தடுப்பு இருக்கும், ஒருவழிப் பாதை அறிவிப்பு வரும்.

ஆனால் விழா முடிந்த பிறகும் வார இறுதிக் கூட்டம் குறைவதில்லை. ஏரி, பக்கோடா பாயின்ட், லேடீஸ் சீட் என்று சுற்றிய காலம் போய், 'கூட்டம் இல்லாத இடமா போகலாம்' என்று ஹோம்ஸ்டே தேடி உள்கிராமங்களுக்குப் போகும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. மேப் காட்டும் வழியில் கார்கள் கிராமச் சாலைக்குள் நுழைகின்றன. அந்தச் சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று மேப் சொல்வதில்லை.

3.75 மீட்டர் கணக்கு

இந்தியாவில் ஒருவழித்தடச் சாலையின் வழக்கமான தார்ப்பரப்பு அகலம் 3.75 மீட்டர். போக்குவரத்து குறைவான கிராமச் சாலைகளில் 3 மீட்டரும் உண்டு.

ஒரு நடுத்தரக் காரின் அகலம் சுமார் 1.75 மீட்டர். அந்தக் காரைத் தாரின் ஓரத்தில், விளிம்பை ஒட்டியே நிறுத்தினாலும் மீதி இருப்பது 2 மீட்டர்தான். பேருந்தின் அகலம் அதிகபட்சம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் வேன் கண்ணாடியை மடக்கிக்கொண்டு உரசியபடிதான் போக வேண்டும். 3 மீட்டர் சாலையாக இருந்தால் அதுவும் முடியாது.

"தாரை விட்டு இறக்கி நிறுத்தலாமே?" என்று கேட்கலாம். மலைப்பக்கம் இறக்கினால் அங்கே மழைநீர் வடிகால் இருக்கும். பள்ளத்துப் பக்கம் இறக்கினால் அது வெறும் மண். மழையில் ஊறிய மண் ஓரம் ஒரு காரின் எடையைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

'அகலமா இருக்கே' என்பதுதான் பொறி

மலைச் சாலையில் ஆங்காங்கே சாலை திடீரென்று அகலமாகும். புதிதாக வருபவர்கள் 'பார்க்கிங்குக்கு நல்ல இடம்' என்று அங்கேதான் வண்டியைப் போடுகிறார்கள். தெரியாமல் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான்.

அந்த அகலம் சும்மா விடப்பட்டது அல்ல. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒதுங்கி வழிவிடுவதற்காகவே அமைக்கப்படும் இடம் அது. ஒருவழித்தட மலைச் சாலைகளில் கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று ஒதுங்கிடங்கள் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் மலைச் சாலை வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் ஒரு கார் நின்றுவிட்டால், எதிரே வரும் பேருந்துக்காக இன்னொரு வண்டி வளைவுகளில் அரை கிலோமீட்டர் ரிவர்ஸில் போக வேண்டி வரும்.

கொண்டை ஊசி வளைவின் அகலமும் அப்படித்தான். நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் போகாது, உட்பக்கமாக வெட்டிப் போகும். அதற்குத்தான் வளைவில் கூடுதல் அகலம். அங்கே 'வியூ நல்லா இருக்கு' என்று கார் நின்றால் பேருந்து ஒரே மூச்சில் திரும்ப முடியாது. ஏற்றத்தில் நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். முழு லோடுடன் இருக்கும் வண்டிக்கு அது எவ்வளவு ஆபத்து என்பது மலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி இருப்பதே, ஏற்றத்தில் வண்டியை நிற்கவைக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

'நோ பார்க்கிங் போர்டு இல்லை, அதனால் நிறுத்தலாம்' என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. போர்டு இல்லாவிட்டாலும் சில இடங்களில் நிறுத்தக் கூடாது. 1989-ல் வந்த சாலை விதிமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகளும் சொல்வதன் சாரம் இது:

• சாலைச் சந்திப்பு, வளைவு ஆகியவற்றின் அருகே நிறுத்தக் கூடாது
• நடைபாதையிலும், பாதசாரிகள் கடக்கும் இடத்திலும் நிறுத்தக் கூடாது
• பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல் அருகே நிறுத்தக் கூடாது
• வீடு அல்லது கட்டடத்தின் நுழைவாயிலை மறிக்கக் கூடாது
• ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இணையாக நிறுத்தக் கூடாது
• போக்குவரத்துப் பலகையை மறைத்து நிறுத்தக் கூடாது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 122-வது பிரிவு இன்னும் பொதுவானது. மற்றவர்களுக்கு ஆபத்து, இடையூறு, அசௌகரியம் ஏற்படும் வகையில் பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதே குற்றம் என்கிறது. 127-வது பிரிவின்படி, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும், 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும் போலீஸ் இழுத்துச் செல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். இழுத்த செலவு வண்டி உரிமையாளர் தலையில்தான்.

அபராதம் எவ்வளவு?

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய அபராதப் பட்டியலில், பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். தவறான பார்க்கிங்கும் இதில்தான் வருகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி வழிவிடவில்லை என்றால் 194இ பிரிவின்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். ஆனால் அதே ஆம்புலன்ஸை மறிக்கும்படி காரை நிறுத்திவிட்டு, பூட்டிக்கொண்டு போனவருக்கு நடைமுறையில் விழுவது பெரும்பாலும் 500 ரூபாய் ரசீதுதான்.

வேறு வழிகளும் சட்டத்தில் உண்டு. பொதுவழியில் தடை ஏற்படுத்துபவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது வெறும் 200 ரூபாயாக இருந்தது. தொடர்ந்து தடை இருந்தால், அதை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு இடம் தருகிறது.

ஆனால் ரசீது எழுத ஆள் வேண்டும், இழுக்க வண்டி வேண்டும். மலைக் கிராமத்து வளைவு ஒவ்வொன்றிலும் போலீஸ்காரர் நிற்க முடியாது. இழுவை வண்டி வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். பெரிய சிகிச்சை என்றால் சேலம் அரசு மருத்துவமனைக்கு மலை இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் 20 நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

'என் வீட்டு வாசல்... எனக்குத்தானே சொந்தம்?'

தவறு சுற்றுலாப் பயணிகள் மீது மட்டும் இல்லை. உள்ளூரிலும் கார், வேன், சரக்கு ஆட்டோ என்று வண்டிகள் பெருகிவிட்டன. சரிவில் கட்டிய வீடுகள் பலவற்றில் ஷெட் போட இடம் இல்லை. இரவில் வண்டி நிற்பது சாலையில்தான். 'எங்க ஊரு, எங்க ரோடு' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரவு 2 மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், வழியை மறித்து நிற்கும் வண்டி யாருடையது என்பதில் வித்தியாசம் இல்லை.

இன்னொரு பழக்கம், வீட்டு வாசலுக்கு முன் கல்லையோ பூந்தொட்டியையோ வைத்து இடம் பிடிப்பது. காம்பவுண்டுக்கு வெளியே இருப்பது பொதுச் சாலை. உங்கள் நுழைவாயிலை மறிக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சாலையின் ஒரு பகுதியை உங்கள் காருக்கு என்று ஒதுக்கிக்கொள்ளும் உரிமை கிடையாது. வாசலில் தொங்கும் சொந்த 'நோ பார்க்கிங்' போர்டுக்கும் தனியாகச் சட்ட பலம் எதுவும் இல்லை.

இ-பாஸ் வந்தால் தீருமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏற்காடு அந்த உத்தரவில் இல்லை.

'இங்கேயும் கொண்டு வரலாமே' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இ-பாஸ் எத்தனை வண்டி மலை ஏறலாம் என்பதைத்தான் எண்ணும். ஏறிய வண்டி எங்கே நிற்கும் என்பதை அது கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்கும் இடங்களும் இருக்கின்றன. ஜப்பானில் 1962-ல் வந்த சட்டப்படி, கார் வாங்குபவர் வீட்டில் இருந்து 2 கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்த இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் நாட்டிலேயே மலை மாநிலமான சிக்கிமில் வாகனப் பதிவுக்குப் பார்க்கிங் இடச் சான்று கேட்கிறார்கள். 'நிறுத்த எங்கே இடம்?' என்பதை வண்டி வருவதற்கு முன்பே தீர்த்துவிடுவதுதான் இரண்டிலும் உள்ள பொதுவான விஷயம்.

கிராமமே என்ன செய்யலாம்?

பார்க்கிங் கொள்கை என்றாலே பேச்சு சென்னை, கோவை என்று பெருநகரங்களைச் சுற்றித்தான் போகிறது. கிராம ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். சட்டத்தில் வழி இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவின்படி, வண்டிகள் எங்கே நிற்கலாம் என்பதை மாநில அரசோ, அரசு அதிகாரம் அளித்த அமைப்போ தீர்மானிக்கலாம். அதை உள்ளாட்சி அமைப்பைக் கலந்துதான் செய்ய வேண்டும். அதாவது ஊரின் குரலுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு.

அந்தக் குரலைப் பதிவு செய்யும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் இது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோடைக் கூட்டம் உச்சத்துக்குப் போகும் முன் மே 1 வருகிறது. அங்கே கேட்கக்கூடியவை:

• ஒதுங்கிடங்களையும் வளைவுகளையும் அடையாளம் கண்டு 'இங்கே நிறுத்தாதீர்' பலகை
• ஊர் எல்லையில் பொது இடம் ஒன்றைப் பார்க்கிங்காக ஒதுக்குவது
• 'உள்ளே எத்தனை காருக்கு இடம் உண்டு' என்று ஹோம்ஸ்டேக்கள் புக்கிங்கின்போதே சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை
• விழா, விடுமுறை நாட்களில் பேருந்து நேரத்துக்கு முன் சாலையைக் காலியாக வைக்கும் ஏற்பாடு

மலைக்கு வண்டியில் போகிறீர்களா?

• தங்கும் இடத்தில் பார்க்கிங் உள்ளே இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். 'ரோட்டுல போட்டுக்கலாம் சார்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.
• போட்டோ எடுக்க வளைவிலோ ஒதுங்கிடத்திலோ நிறுத்தாதீர்கள்.
• சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு கியரிலும் விடுங்கள். மேல்நோக்கி என்றால் முதல் கியர், கீழ்நோக்கி என்றால் ரிவர்ஸ்.
• சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரத்தில் போடுங்கள். அந்தக் கல்லில்தான் இரவில் வரும் பைக் ஏறிக் கவிழும்.
• போன் நம்பரைக் கண்ணாடியில் தெரியும்படி வையுங்கள். ஆனால் மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. எனவே அதை மறித்து நிறுத்துவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.
• வழி மறிக்கப்பட்டு அவசரம் என்றால் 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

500 ரூபாய் கட்டிவிட்டுப் போகிறவருக்கு அது ஒரு சுற்றுலாச் செலவு. ஆனால் வாழவந்தியில் இருந்து ஒரு நோயாளியைச் சேலத்துக்கு இறக்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த 3.75 மீட்டர்தான் இருக்கும் ஒரே வழி. வண்டியைப் பூட்டும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வழியா இப்போ ஒரு பஸ் வந்தா, போக முடியுமா?