தாளம் பிழைத்ததோ?

எம் விடுதியறைச் சுவரில் சென்ற பருவத்தில் ஓர் ஓவியம் புதிதாய்த் தோன்றிற்று. தொப்பியணிந்த ஆபிரிக்க அமெரிக்க இளைஞர் ஒருவர், வரிசைக்கு நான்காகப் பதினாறு பொத்தான்கள் கொண்ட பெட்டியொன்றின்மேல் கவிந்திருக்கின்றார். கீழே பெயரில்லை. வரைந்த நண்பரை வினவ, "ஜே டில்லா" என்றார். யாம் அறியோம் என்றோம். "நீர் விரும்பிக் கேட்பதெல்லாம் அவர் கைவேலையன்றோ!" என்று அவர் நகைத்தது எமக்குச் சினத்தையே விளைத்தது.

சினம் ஆறுமுன் மற்றொரு நண்பர், பார்சைடு குழுவினரின் 1995ஆம் ஆண்டுப் பாடலாகிய 'ரன்னின்', காமன் என்பாரின் 2000ஆம் ஆண்டுப் பாடலாகிய 'தி லைட்' ஆகிய இரண்டையும் ஒலிப்பித்தார். இரண்டும் யாம் பன்முறை கேட்டவை. ஹிப் ஹாப் இசையிற் சொல்லடுக்கிப் பாடுவோர் ஒருவர். பழைய இசைத்தட்டுகளினின்றும் துணுக்குகளை எடுத்துக் கோத்து, முரசொலி கூட்டி, அச்சொல்லுக்கு நிலம் வகுப்போர் மற்றொருவர். இப்பின்னவரைப் புரொடியூசர் என்பர். முன்னவர் பெயரை யாவரும் அறிவர். பின்னவர் பெயரோ உறையின் சிற்றெழுத்தில் ஒடுங்கும். டிராய்ட் நகரத்தாராகிய டில்லாவுக்கு அதுவும் எப்போதும் வாய்த்திலது. 'எ டிரைப் கால்டு குவெஸ்ட்' குழுவின் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் பணி 'தி உம்மா' என்னும் கூட்டுப்பெயருள் மறைந்து நின்றது.

பெயர் மறைந்தமையினும் பெரிது எம் செவியின் பிழை. யாப்புப் பயிலும் எமக்குத் தளை தட்டினாற் பொறாது. டில்லாவின் முரசைக் கருதிக் கேட்டதும், "தாளம் பிழைக்கின்றது" என்று தீர்ப்புரைத்தோம். ஓவிய நண்பர் மறுமொழி கூறாது, ஒரு தாளில் இடைவெளி ஒத்த கோடுகளை வரைந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி வைத்தார். சில புள்ளிகள் கோட்டின்மேல் அமைந்தன, சில மயிரிழை முந்தின, சில பிந்தின. முந்தியவையும் பிந்தியவையும் சுற்றுதோறும் அவ்வவ்விடத்திலேயே மீண்டும் வந்தன. பிழையாயின் இங்ஙனம் மீளுமோ? நூறு சொல்லால் விளங்காதது ஒரு தாளில் விளங்கிற்று.

'பொறி செய்யும் இசையில் மனிதன் கை யாதுளது?' என்று எம் நண்பர் குழாத்தில் வாதிப்போர் பலர். யாமும் அக்கட்சியினராய் இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. டில்லா கையாண்ட அக்காய் எம்.பி.சி. 3000 என்னும் பொறி, விரல் தவறிய அடியைத் தானே இழுத்துக் கோட்டில் நிறுத்தவல்லது. அவரோ அத்திருத்தத்தைப் பலவிடத்தும் விலக்கி, விரல் விட்ட இடத்திலேயே அடியை விட்டார். வியப்பு யாதெனில், குவெஸ்ட்லவ் போன்ற தேர்ந்த முரசறைவோர், பொறியினின்று பிறந்த அந்நடையைத் தம் கையாற் பயின்றனர். டி ஏஞ்சலோவின் 2000ஆம் ஆண்டு 'வூடூ' தொகுப்பைக் கேட்போர் அதனை உணர்வர்.

டில்லாவின் 'டோனட்ஸ்' 2006 பெப்ருவரி 7ஆம் நாள், அவருடைய முப்பத்திரண்டாம் பிறந்தநாளில், வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் குருதிநோயால் மறைந்தார். அவருடைய பொறி இன்று வாஷிங்டனில் ஆபிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகத்தில் உளது. டான் சார்னஸ் அவர் தாளத்தைப் பற்றியே 2022இல் ஒரு பெருநூல் இயற்றினார்.

எம் வற்புறுத்தலால் ஓவியத்தின்கீழ் 'ஜேம்ஸ் டீவிட் யான்சி' என்று முழுப்பெயரும் எழுதப்பட்டது. அறைக்கு வருவோர் அதனைப் படித்துவிட்டு, "இவர் யார்?" என்றே இன்னும் கேட்கின்றனர். யாம் விடைகூறாது 'ரன்னின்' பாடலை ஒலிப்பிக்கின்றோம்.