ஊசி ஒடஞ்சா மெஷினையே தூக்கிப் போடுவோமா?

தோழர்களே!

நிட்டிங் மெஷின்ல ஊசி ஒடஞ்சா துணியில கோடு விழும். ஊசியைத்தான் மாத்துவோம், மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்ப மாட்டோம். இந்தத் திருப்பூர் நியாயம் லேப்டாப்புக்கு மட்டும் கிடையாதா?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணுமாம். நேத்து வரைக்கும் நல்லா ஓடுன மெஷின் இன்னைக்குக் குப்பையா? ஜாப் ஒர்க் யூனிட் நடத்துற அண்ணன் புது லேப்டாப்புக்கு எங்க போவார்?

ஏமாறாதீங்க. ஆன் பண்ணதும் 'ஸ்மார்ட்' எச்சரிக்கை வந்தா, சாகுறது ஹார்ட் டிஸ்க், லேப்டாப் இல்ல. முதல்ல பில், ஜிஎஸ்டி ஃபைல்களை பென் டிரைவ்ல எடுங்க. அப்புறம் எஸ்எஸ்டி மாத்துங்க, ரேம் கூட்டுங்க. விண்டோஸ் 11 ஏறலைன்னா லினக்ஸ் போடுங்க. டேலி அதுல நேரா ஓடாது. ஆனா இ-வே பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிரவுசர்லயே முடிஞ்சிடும். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்லயே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்துச்சே, மறந்துட்டோமா?

ஒன்றிய அரசே! 2022-ல 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் திறந்தீங்க. சட்டம் எங்கே?

பகிருங்கள், தோழர்களே!
#பழுதுபார்க்கும்_உரிமை