காயத்தைக் காட்டு என்று கேட்பவர்களுக்கு

இரண்டு இளம் கவிஞர்கள். ஒரே மேடை. இருவர் தொகுப்பிலும் கிணற்றைப் பற்றி ஒரு கவிதை இருந்தது. நடந்த இடம் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதாததற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

முதல் கவிஞரிடம் கேட்டார்கள்: "உங்கள் கிணறு இருத்தலின் குறியீடா? அடியில் தெரியும் வானம் எதைக் குறிக்கிறது? மௌனத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?" அவர் தாடியைத் தடவியபடி இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தவர் நம் தோழர். அருந்ததியர் குடும்பத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி. அவரிடம் கேட்டது: "அந்தக் கிணற்றில் உங்களை இறங்க விடுவார்களா?" அடுத்து, அப்பா என்ன வேலை செய்கிறார், முதன்முதலில் எப்போது அவமானப்பட்டீர்கள், வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, எழுதும்போது அழுவீர்களா. அவர் கவிதையோ எதிரொலியைப் பற்றியது. கூப்பிட்டவனின் குரல் அவனுக்கே திரும்பி வரும்போது அது யாருடைய குரல் என்று கேட்கும் கவிதை. அந்தக் கேள்வியை மேடையில் ஒருவரும் தொடவில்லை.

இதைக் கேட்டவர்கள் சங்கிகள் அல்ல. எல்லோரும் நமக்கு வேண்டியவர்கள், முற்போக்காளர்கள், அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

கோபால் குரு 2002 இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் ஒரு கட்டுரை எழுதினார். சமூகவியல் படிக்கிற மாணவர்கள் அதைத் தேடிப் படித்துவிட வேண்டும். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு உருவாக்குகிற வேலை ஒரு கூட்டத்துக்கும், தகவல் தருகிற வேலை இன்னொரு கூட்டத்துக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். வருணம் பல்கலைக்கழகத்துக்குள் வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம். இலக்கிய மேடையில் நடப்பதும் இதுவேதான். அவர்களுக்குத் தத்துவக் கேள்வி, நமக்குச் சொந்தக் கேள்வி. அவர்கள் சிந்திப்பார்கள், நாம் அனுபவித்ததைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர்கள் 'உச்' கொட்டுவார்கள்.

சொந்தக் கேள்வியே தப்பு என்று சொல்லவரவில்லை. ஆனால் இந்த மண்ணில் சொந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் கேட்பது "எந்தூருங்க?" ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் மழுப்பினால், "அப்பா பேரென்ன?" கடைசியில் "குலசாமி எது?" நான்கே கேள்விதான், ஆள் எந்த வளவு என்று தெரிந்துவிடும். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது, 'ங்க' போட்டுத்தான் கேட்பார்கள். பதில் தெரிந்த பிறகு அந்த 'ங்க' நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் 1901 இல் நடந்ததைச் சொல்கிறார். மசூர் ரயில் நிலையம். நல்ல உடை உடுத்திய சிறுவர்கள் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். நிலைய அதிகாரி பிரியமாகத்தான் விசாரிக்கிறார். நீங்கள் யார் என்று கேட்கிறார். மகர் என்று பதில் வந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாகிறது. எல்லாம் ஒரு பிரியமான கேள்வியில் தொடங்கியது.

நம் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரியும். ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. அவர் தலித், அந்தப் பெண் கவுண்டர் சாதி. இந்த இரண்டு விடை கிடைத்ததும் கொலை நடந்துவிட்டது. நீதிமன்றத்துக்கு விடை கிடைக்க 2022 மார்ச் வரை ஆனது. யுவராஜுக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதிசெய்தது. 'நீ யார்' என்ற கேள்வி ஆளைக் கொல்லும் வட்டாரத்தில் இருந்துகொண்டு, மேடையில் ஒலிபெருக்கி வைத்து ஒரு பெண்ணிடம் ஊரையும் அப்பாவையும் விசாரிப்பவர்கள் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

யோசிக்கவில்லை. அந்தக் கலந்துரையாடலை ஒரு சிற்றிதழ் அப்படியே அச்சிட்டது, ஊர் பெயரோடு, அப்பா வேலை பார்க்கும் இடத்தோடு. அப்பா விசைத்தறித் தொழிலாளி. இந்தப் பக்கத்துத் தறிக்கூடங்களில் முன்பணம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக: கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார்கள். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும், ஆனால் அடையாது. அடையாதவரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதென்றால் மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். அடுத்த முதலாளியிடம் வாங்கித்தான் வைப்பார்கள். இதழ் வந்த வாரத்தில் பட்டறைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, "உம் பொண்ணு நம்மளப் பத்தியெல்லாம் எழுதுதாமே" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "கணக்க ஒருக்கா பாத்துரலாமா?" என்றார். அவ்வளவுதான். தோழர் அன்று இரவே முகநூலில் இருந்த கவிதைகளை எல்லாம் எடுத்துவிட்டார்.

கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நாங்கள் போனோம். எப்படிப் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம், நமக்குள் ஒளித்து என்ன ஆகப்போகிறது. பதிவுக் கருவியோடும், அச்சடித்த வினாத்தாளோடும் போனோம். சமூகப்பணித் துறையில் பழகிய கை, தாள் இல்லாமல் நகராது. தோழர் அதை வாங்கி வரிவரியாகப் படித்தார். பதினான்கு கேள்விகள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வன்கொடுமைன்னு ஒம்பது தடவ வருதுங்க அக்கா. கவிதைன்னு ஒருக்காகூட வரலீங்களே" என்றார்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மேடையில் இருந்தவர்கள் காயத்தை ரசிக்கக் கேட்டார்கள், நாங்கள் ஆவணப்படுத்தக் கேட்டோம். காயத்தை மட்டுமே கேட்டோம் என்பதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

ஒரு கவிஞரை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதற்கு மராத்தியில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாம்தேவ் தசாலின் 'கோல்பிதா' 1972 இல் வந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. முன்னுரை எழுதியவர் விஜய் டெண்டுல்கர். அப்போதே பெரிய நாடக ஆசிரியர், பிராமணர். தசாலின் சொற்கள் பல அவருக்குப் புரியவில்லை. புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தசாலிடமே பொருள் கேட்டார். காமாட்டிபுராவின் தெருக்களில் தசால் வழிகாட்ட அவர் பின்னால் நடந்தார். யார் மாணவர், யார் ஆசிரியர் என்பது அங்கே தலைகீழானது. 'உனக்கு எவ்வளவு வலித்தது' என்று கேட்பதற்கும் 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எனக்குக் கற்றுக்கொடு' என்று கேட்பதற்கும் உள்ள தூரம் அது. டெண்டுல்கரைப் புனிதராக்க வேண்டியதில்லை. கேள்வியின் திசை மட்டும் நமக்குப் போதும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், நாமக்கல்லிலேயே ஒன்று உண்டு. பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்', 2013 இல் வந்தது. அதில் சாதி அனுபவத்தைச் சொல்லும்படி தலித்துகளிடம் மட்டும் கேட்கவில்லை, எல்லாச் சாதிக்காரர்களிடமும் கேட்டிருந்தது. நீ எப்படி அடிபட்டாய் என்பதோடு, உன் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர் வைத்தீர்கள் என்பதும் சொந்தக் கேள்விதானே? மேடையில் தாடியைத் தடவிய கவிஞரிடம் அதை யாராவது கேட்டார்களா? அவர் கிணற்றில் யாரை இறங்க விட்டார்கள் என்று? அதைக் கேட்டிருந்தால் அந்தக் கவிதைக்கே ஒரு புது ஆழம் வந்திருக்கும்.

தத்துவம் நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் அயோத்திதாசரைப் புரட்டட்டும். 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, வாராவாரம் அவர் செய்ததே சொல்லையும் சமயத்தையும் வரலாற்றையும் கேள்வி கேட்கிற வேலைதான். அம்பேத்கரின் கடைசிப் பெரிய உழைப்பு புத்தரைப் பற்றியது, துக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. ரோஹித் வெமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆக விரும்பியவர். 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் மனித மனம், நட்சத்திரம், பிறப்பு எல்லாம் இருந்தன. பதிலுக்கு இந்த நாடு எடுத்துக்கொண்ட கேள்வி, அவர் உண்மையிலேயே தலித்தா என்பது. 2024 இல்கூடத் தெலங்கானா காவல்துறை அவர் பட்டியல் சாதியே இல்லை என்று முடிப்பறிக்கை போட்டது. எதிர்ப்பு வந்த பிறகுதான் மறுவிசாரணை என்றார்கள். அவர் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினார், இவர்கள் சான்றிதழைத் தேடினார்கள்.

வினாத்தாளைப் பைக்குள் வைத்துவிட்டு நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். ரில்கே 1903 முதல் 1908 வரை ஓர் இளம் கவிஞருக்கு எழுதிய பத்துக் கடிதங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இரவின் மிக அமைதியான நேரத்தில், எழுதாமல் இருக்க முடியுமா என்று உன்னையே கேட்டுப்பார் என்பது அவர் சொன்ன யோசனை. தோழர் சிரித்துவிட்டார்.

"எங்க ஊட்டுல அமைதியான ராத்திரின்னா கரண்ட் போன ராத்திரிதானுங்க. எட்டுத் தறியும் சேர்ந்து நிக்கும். அப்பா முழிச்சுக்குவாரு. சத்தம் இருந்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும், சத்தம் நின்னா கூலி போச்சுன்னு அர்த்தம். அமைதி நல்லதுன்னு எழுதுனவங்க எல்லாம் மாசச் சம்பளக்காரங்களா இருப்பாங்க."

அப்படியானால் கிணற்றுக் கவிதையில் வரும் எதிரொலி? கேட்டோம். தறிச் சத்தத்தில் எதிரொலி கேட்காது, தன் குரல் தனக்குத் திரும்பி வந்ததை முதன்முதலில் அந்தக் கிணற்றடியில்தான் கேட்டதாகச் சொன்னார். அந்த நொடியில் பயமாக இருந்ததாம், வேறு யாரோ தன் பெயரை எடுத்துக்கொண்டது மாதிரி. பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். சாமி உண்டா என்பதில் அவருக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பெரியாரைச் சொன்னோம். "அவரு சாமிய வேண்டாம்னாருங்க, எங்கள அது வேண்டாம்னுச்சு. ரெண்டும் ஒண்ணா?" என்றார். இன்றுவரை எங்களிடம் நல்ல பதில் இல்லை. பதிவுக் கருவி பைக்குள்ளேயே கிடந்தது.

வாசிப்பு வட்டத்தில் இனி என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசி ஒன்றை முடிவு செய்திருக்கிறோம். மேடைக்கு வருகிற யாரிடமும் முதல் கேள்வி கவிதையிலிருந்தே வர வேண்டும். அதைப் படிக்காதவர் கேட்கக் கூடாது. குடும்பத்தைப் பற்றிக் கேட்பதென்றால் மேடையில் இருக்கிற எல்லோரிடமும் கேட்க வேண்டும், கேட்கிறவர் தன் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஊர் பெயர் போடலாமா என்று கவிஞரிடம் தனியே கேட்க வேண்டும். இது பெரிய புரட்சி இல்லை. ஆனாலும் எங்கள் வட்டத்திலேயே இரண்டு பேர், இப்படியெல்லாம் கட்டுப்பாடு போட்டால் தலித் இலக்கியத்தின் 'உண்மைத்தன்மை' போய்விடும் என்றார்கள். வாக்குவாதம் முடியவில்லை, வரும் ஞாயிறும் தொடரும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

தோழரிடம் கவிதைகளை மறுபடி வெளியிடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அப்பாவின் முன்பணக் கணக்கு இன்னும் முடியவில்லை. கிளம்பும்போது அந்த வினாத்தாளைத் தானே வைத்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, எழுத ஆகும் என்றார்.