‘நெக்ரித்தோ’: பாசமா, வசையா? கால்பந்து உலகை இரண்டாக்கிய ஒரு ஸ்பானிஷ் சொல்

2020 நவம்பர் 29. பிரீமியர் லீக் ஆட்டத்தின் முதல் பாதியில் சவுத்தாம்ப்டனிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தது மான்செஸ்டர் யுனைடெட். இடைவேளைக்குப் பிறகு களமிறங்கிய உருகுவே வீரர் எடின்சன் கவானி இரண்டு கோல் அடிக்க, 3-2 என்று ஆட்டமே தலைகீழானது. இன்ஸ்டாகிராமில் வாழ்த்திய ஒரு நண்பருக்கு கவானி போட்ட பதில் இரண்டே சொல்: ‘கிராசியாஸ், நெக்ரித்தோ’.

முதல் சொல்லுக்கு ‘நன்றி’ என்று அர்த்தம். அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. இரண்டாவது சொல்லுக்காக இங்கிலாந்து கால்பந்து சங்கம் அவருக்கு 3 ஆட்டங்களில் ஆடத் தடையும் 1 லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவே கொதித்துப்போனது. அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சொல்லில்?

அகராதி என்ன சொல்கிறது?

‘நெக்ரோ’ என்றால் ஸ்பானிஷில் கருப்பு. அவ்வளவுதான். கருமிளகு, கருப்புக் காபி, கருப்புப் பணம் என எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்தான். துப்பறியும் நாவலைக்கூட ‘கருப்பு நாவல்’ என்பார்கள். இன்னொருவர் பெயரில் புத்தகம் எழுதிக் கொடுப்பவரையும் ‘நெக்ரோ’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது.

அதோடு ‘இத்தோ’ என்ற விகுதி சேர்ந்தால் ‘நெக்ரித்தோ’. சின்னது என்பதைக் குறிக்கும் விகுதி இது. ஆனால் பல நேரங்களில் அளவைவிட அன்பைத்தான் காட்டும். பாட்டியை ‘அபுவெலித்தா’ என்று கொஞ்சுவது இப்படித்தான். அர்ஜென்டினாவின் ஏவா பெரோன் மக்களுக்கு ‘எவிதா’ ஆனதும் இப்படித்தான்.

உண்மையிலேயே பாசமாகச் சொல்வார்களா?

ஆமாம். உருகுவே, அர்ஜென்டினாவில் மனைவி கணவனை, நண்பன் நண்பனை ‘நெக்ரோ’ என்று கூப்பிடுவது சாதாரணம். கூப்பிடப்படுபவர் வெள்ளைத் தோல்காரராகவும் இருக்கலாம். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற பாடகி மெர்சிடஸ் சோசாவை ரசிகர்கள் ‘லா நெக்ரா’ என்றே அழைத்தார்கள். 1950-ல் பிரேசிலை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தி உலகக்கோப்பை வென்ற உருகுவே அணியின் கேப்டன் ஒப்துலியோ வரேலாவின் பட்டப்பெயர் ‘எல் நெக்ரோ ஹெஃபே’, அதாவது ‘கருப்புத் தலைவன்’. மரியாதையோடு வைத்த பெயர் அது.

அப்போ எப்போதும் பாசம்தானா?

இங்கேதான் கதை மாறுகிறது. கவானிக்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, அதே உருகுவேயைச் சேர்ந்த இன்னொரு நட்சத்திரம் இதே சொல்லில் மாட்டினார். 2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டின் பேட்ரிஸ் எவ்ராவுக்கும் வாய்த்தகராறு. சுவாரெஸ் தன்னை ‘நெக்ரோ’ என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக எவ்ரா புகார் கொடுத்தார். ஒரே ஒரு முறைதான் சொன்னேன், அதுவும் எங்கள் ஊர் வழக்கப்படி என்றார் சுவாரெஸ்.

விசாரணைக் குழு மொழி வல்லுநர்களை அழைத்துக் கேட்டது. அவர்கள் சொன்னதன் சாரம் இது: சுவாரெஸ் சொல்கிறபடி நடந்திருந்தால் உருகுவேயில் அது அவமதிப்பாகாது, எவ்ரா சொல்கிறபடி நடந்திருந்தால் உருகுவேயிலும் அது நிறவெறிதான். அகராதிப் பொருளை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. யார் யாரிடம், எந்தத் தொனியில் சொன்னார் என்பதுதான் கேள்வி. எவ்ரா சொன்னதையே குழு நம்பியது. சுவாரெஸுக்கு 8 ஆட்டத் தடை, 40 ஆயிரம் பவுண்டு அபராதம்.

இன்னொரு விஷயம். பிரெஞ்சு வீரரான எவ்ரா, அந்தச் சொல்லை ஆங்கிலத்தின் மிக மோசமான நிற வசைச்சொல்லாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். ஸ்பானிஷில் அதற்குக் ‘கருப்பு’ என்று பொருள் எனப் பிறகு தெரிந்துகொண்டார். அது தெரிந்ததால் புகார் கரைந்துவிடவில்லை. சண்டைக்கு நடுவே எதிராளியின் நிறத்தை மறுபடி மறுபடி இழுப்பது எந்த மொழியிலும் கொஞ்சல் ஆகாது.

கவானிக்கு ஏன் தண்டனை?

கவானி விஷயத்தில் சண்டை இல்லை, எதிராளி இல்லை. வாழ்த்தியவர் நண்பர். ஆனால் இங்கிலாந்துச் சங்க விதிப்படி, சொன்னவரின் உள்நோக்கம் மட்டும் போதாது. பொதுவெளியில் அதைப் படிப்பவருக்கு நியாயமாக எப்படித் தோன்றும் என்றும் பார்ப்பார்கள். நண்பருக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அது இரண்டு பேர் விஷயம். இன்ஸ்டாகிராமில் போட்டதும், உருகுவே வழக்கம் தெரியாத லட்சக்கணக்கானோரும் அந்த உரையாடலுக்குள் வந்துவிட்டார்கள். கவானி பதிவை நீக்கினார், தண்டனையை ஏற்றார், ஆனால் சங்கத்தின் பார்வையோடு உடன்படவில்லை என்றும் சொன்னார். உருகுவேயின் மொழி அகாடமியோ, ஸ்பானிஷ் தெரியாமல் கொடுத்த தீர்ப்பு என்று சாடியது.

அகாடமி சொன்னதில் நியாயம் இருக்கிறது. அன்பாகச் சொன்ன சொல்லுக்கு ஆங்கிலக் கண்ணாடி போட்டுப் பார்த்தது தவறுதான். ஆனால் ‘எங்கள் ஊரில் இது பாசம்’ என்பதும் முழு உண்மை இல்லை. 1940-களில் உள்மாகாணங்களிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்குப் பிழைக்க வந்த மாநிற உழைப்பாளிகளை நகரத்து மேல்தட்டு ‘கபெசித்தா நெக்ரா’ என்று ஏளனம் செய்தது. ‘கருந்தலை’ என்று பொருள். அதிலும் அதே ‘இத்தா’ விகுதி இருக்கிறது, அன்பு மட்டும் இல்லை. மாடாய் உழைப்பதை ‘நெக்ரோ மாதிரி உழைப்பது’ என்று சொல்லும் ஸ்பானிஷ் வழக்கு அடிமைக் காலத்தின் மிச்சம். அதை அகராதியிலிருந்து எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை. உருகுவேயின் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2011 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் அவர்கள் சுமார் 8 சதவீதம்.

நமக்கு இதில் என்ன?

வெளிநாட்டு கிளையன்ட்டின் மெயிலோ, வைரலான ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ, ‘மொழிபெயர்ப்பைப் பார்’ பட்டனைத் தட்டிவிட்டுத்தான் இன்று படிக்கிறோம். அந்த பட்டன் சொல்லுக்கு ஒரு பொருளைத்தான் காட்டும். பேசுகிற இருவரும் நண்பர்களா, சண்டைக்காரர்களா, எந்த நாட்டுக்காரர்கள் என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

அதனால் கொந்தளிப்பதற்கு முன்னால், யார் யாரிடம் சொன்னது, எந்த ஊரில், என்ன தொனியில் என்று கேட்டுப் பார்க்கலாம். பதிவு போடுவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: இதை வேறு யாரெல்லாம் படிப்பார்கள்? முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் இங்கிலாந்துச் சங்கம் கவானியிடம் இவ்வளவு கடுமை காட்டியிருக்காது. இரண்டாவதைக் கேட்டிருந்தால் கவானி அந்த நன்றியைத் தனிச் செய்தியாகவே அனுப்பியிருப்பார்.